கதவு எண் நாற்பத்து மூன்றில் ஒரு புழு

காரைக்காலில் ஒருவர் காரைக்காலில்தான் இருக்கிறார் என்று நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வடக்கே, தெற்கே, மேற்கே, எந்தப் பக்கம் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தாலும் தமிழ்நாடு வந்துவிடும். கிழக்கே மிதித்தால் கடல். இப்படி விரலால் மூடிவிடக்கூடிய ஊரில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, வலை பின்னிக்கொண்டிருப்பவர்கூட, பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் 'ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து குடியிருந்தார்' என்று ஒரு சான்றிதழ் வாங்கியாக வேண்டும்.

அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் அலுவலகத்தின் முழுப் பெயர் 'குடியிருப்பு மற்றும் தொல்லுயிர்ச் சான்றளிப்பு அலுவலகம்'. ஆதியில் இவை இரண்டு அலுவலகங்கள். குடியிருப்புப் பிரிவில் ஆட்கள் இருந்தார்கள், நாற்காலி இல்லை. தொல்லுயிர்ப் பிரிவில் நாற்காலிகள் இருந்தன, ஆள் இல்லை. சிக்கன நடவடிக்கை என்று மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் சேர்த்துவிட்டார். கல்லாகிப்போன பழங்காலத்துப் பிராணிகளைக் கண்டுபிடித்துப் பதிவு செய்வது தொல்லுயிர்ப் பிரிவின் வேலை. காரைக்காலோ முழுக்க வண்டல் மண். இங்கே கல் என்று ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அது லாரியில் வர வேண்டும். ஆகவே பதினோரு ஆண்டுகளாக ஆண்டறிக்கையில் ஒரே வரிதான்: 'இவ்வாண்டும் தொல்லுயிர் எதுவும் விண்ணப்பிக்கவில்லை.'

கிளிஞ்சல்மேட்டு ஆனந்தராஜுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. ஒரு ஃபைபர் படகில் பங்கு, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் நாற்பத்து மூன்றாம் நம்பர் வீடு, சந்தையில் மீன் விற்கும் மனைவி பூங்கொடி, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள் ஷர்மிளா. அவருடைய உலகம் அவ்வளவுதான். ஷர்மிளாவுக்கு நர்சிங் படிக்க ஆசை. கலந்தாய்வுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. சான்றிதழ் இல்லாமல் போனால் அவள் வெளிமாநிலத்துக்காரி, இடம் கிடைக்காது. ஆகவே எல்லா நகல்களையும் இணைத்து விண்ணப்பித்தாள். கள விசாரணைக்கு ஆள் வருவார் என்றார்கள்.

ஆள் வந்தார். உதவியாளர் சிவராமன். நெரவியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்துபோகிறவர், சாதுவான மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். இந்தக் கதையில் நடந்த கெடுதலெல்லாம் அவர் கையால்தான் நடந்தது.

போன ஐப்பசி மழையில் வாசலில் தண்ணீர் தேங்கிற்றென்று ஆனந்தராஜ் ஒரு லாரி மண் அடித்திருந்தார். அரியலூர்ப் பக்கத்து மண். அதில் தேங்காய் அளவில் உருண்டை உருண்டையாகச் சில கற்கள் வந்தன. கருவாடு காயவைக்கும் தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க, மூலைக்கு ஒன்றாக அவற்றை வைத்திருந்தார். சிவராமன் ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்டைப் போட்டார். ஸ்டாண்டு ஒரு கல்லின் மேல் இறங்கியது. வெயிலிலும் மழையிலும் கிடந்து வாய் விட்டிருந்த கல், நடுவில் பிளந்து இரண்டு பாதியாக விழுந்தது. உள்ளே, இரண்டு பாதியிலும் அச்சு மாறாமல், விரல் நீளத்தில் பழுப்பாக, வளைந்து நெளிந்து ஏதோ ஒன்று படுத்திருந்தது.

"என்னாங்க இது?" என்றார் சிவராமன்.

ஆனந்தராஜ் குனிந்து பார்த்தார். கடல்காரரிடம் கடலில் கிடைப்பது போன்ற ஒன்றைக் காட்டிப் பெயர் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "புழு மாதிரி இருக்குங்க. சேத்துல கெடக்குமே, தூண்டில்ல மாட்டுவோம், அந்தப் புழு. கல்லாப் போயிருக்கு போல."

சிவராமன் விசாரணைப் படிவத்தை எடுத்தார். அலுவலகங்கள் இணைந்தபோது படிவங்களையும் இணைத்திருந்தார்கள். ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: 'மேற்படி கதவு எண்ணில் காணப்படுவது மனிதர் / தொல்லுயிர். பொருந்தாததை அடிக்கவும்.' பதினோரு ஆண்டுகளாகச் சிவராமனின் கை 'தொல்லுயிர்' என்பதை அடித்து அடித்துப் பழகியிருந்தது. இன்றைக்கு முதல்முறையாக அதை அடிக்க மனம் வரவில்லை. இரண்டையும் அடிக்காமல் விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். ஆகவே 'மனிதர்' என்பதை அடித்துவிட்டார்.

"ஒண்ணும் தப்பில்லையே சார்?" என்று கேட்டார் ஆனந்தராஜ்.

"எல்லாம் முறைப்படிதான் எழுதியிருக்கேன்" என்றார் சிவராமன். அவர் சொன்னது உண்மை.

மறுநாளே ஜீப் வந்தது. சிறப்பு அலுவலர் சுவாமிநாதன் இறங்கினார். கஞ்சி போட்ட சட்டை, கண்ணில் ஈரம். பின்னால் ஒருவர் நைலான் கயிறும் தகரப் பலகையும் கொண்டுவந்தார். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பலகையை வாசலில் நட்டார்கள். 'இது தொல்லுயிர்த் தலம். மனிதர் வசிப்பிடம் அல்ல.' தெரு கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டால் சுவாமிநாதனுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது.

"பொதுமக்களே! இந்த ஆபீஸ் பதினோரு வருஷமா சும்மா இருக்குன்னு பேசறாங்க. நாங்க சும்மா இருக்கலை. காத்துக்கிட்டு இருந்தோம். சும்மா இருக்கறவனுக்கு யாரு சம்பளம் குடுப்பா? எங்களுக்கு மாசாமாசம் குடுத்தாங்க. அப்படின்னா அது வேலைதானே? இந்தப் புழுவை நாங்கதான் கண்டுபிடிச்சோம். கண்டுபிடிக்கறதுக்காக எங்க ஊழியர் ஸ்கூட்டர் ஸ்டாண்டை எவ்வளவு துல்லியமா எறக்கியிருக்கார்னு நீங்க யோசிக்கணும்!"

இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் சிவராமன்.

பூங்கொடி அந்த நேரம் சந்தையிலிருந்து காலிக் கூடையோடு வந்தாள். பலகையைப் படித்தாள். கயிற்றைத் தூக்கி, குனிந்து உள்ளே போனாள். "வசிப்பிடம் இல்லையாம். அப்ப ஒல வைக்கலாமா, கூடாதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சுவாமிநாதன் அதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று சிவராமனைப் பார்த்தார். சிவராமன் கயிற்றைப் பார்த்தார். அதற்குள் பூங்கொடி உலை வைத்துவிட்டாள்.

மூன்று நாள் பொறுத்துவிட்டு ஆனந்தராஜ் அலுவலகத்துக்குப் போனார். "எம் பொண்ணு சான்றிதழ் சார். நாள் நெருங்குது."

"அந்த முகவரியில மனிதர் இல்லைன்னு பதிவாயிருக்கே" என்றார் சுவாமிநாதன் கனிவாக.

"நாங்க இருக்கோமுங்க. அங்கதான் இருக்கோம்."

"நீங்க இருக்கீங்க. அதை நான் மறுக்கலை. ஆனா ஒரு இடத்துல மொதல்ல குடியேறினது யாருன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து வந்தவங்களைப் பாக்க முடியும். மொதல்ல புழு யாருன்னு அடையாளம் காணணும். அதுக்குக் குழு போட்டாச்சு. நீங்க கவலைப்படாதீங்க, குழு போட்டா அதுக்கப்புறம் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை."

குழு வந்தது. புழு சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளும் இடம்பெற வேண்டும் என்பது ஆணை. ஆகவே மூன்று பேர்: மண்புழு உரம் போடச் சொல்லித்தருபவர் ஒருவர்; பள்ளிக்கூடங்களில் குடற்புழு மாத்திரை கொடுப்பவர் ஒருவர்; பட்டுப்புழு வளர்ப்பை ஊக்குவிக்கும் அதிகாரி ஒருவர். காரைக்காலில் பட்டுப்புழு கிடையாது. அதனால்தான் அவருக்கு வர நேரம் இருந்தது.

மூவரும் கல்லைச் சுற்றி நின்றார்கள். மண்புழுக்காரர், ஈரச் சாணியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் சுறுசுறுப்பு தெரியும் என்றார். பட்டுப்புழுக்காரர், இலை ஏதாவது வைத்துப் பார்த்தீர்களா, எந்த இலையைத் தொடவில்லை என்று விசாரித்தார். குடற்புழுக்காரர் கல்லை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுப் பையைத் திறந்தார். புழு தென்பட்ட வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துக் கையெழுத்து வாங்குவது அவர் வழக்கம். பூங்கொடியிடம் மூன்று மாத்திரைகளை நீட்டினார்.

"எங்களுக்கு எதுக்குங்க?" என்றாள் பூங்கொடி. "நாங்கதான் இங்க இல்லியே. புழுவுக்கே குடுத்துட்டுப் போங்க."

குழு ஐந்து நாளில் அறிக்கை கொடுத்தது. 'மேற்படி புழு எங்கள் மூன்று துறைகளின் புழுக்களோடும் ஒத்துப்போகவில்லை. எனவே இது நான்காவது துறையைச் சேர்ந்தது என்று ஒருமனதாகக் கண்டறிந்தோம்.' நான்காவது துறை எது என்று கண்டறிய இன்னொரு குழு வேண்டுமென்றும் பரிந்துரைத்திருந்தார்கள்.

கலந்தாய்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சுவாமிநாதனிடம் ஆனந்தராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவர் யோசித்து, "புழு அங்க இருந்ததுக்கு ஊர்ப் பஞ்சாயத்துல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. கோப்புக்குத் தெம்பா இருக்கும்" என்றார்.

மீனவர் ஊரில் பஞ்சாயத்தார் கடிதம் என்பது விளையாட்டில்லை. யார் ஊரில் தலைக்கட்டு, யார் இல்லை என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். திருவிழாவுக்கு வரி கொடுப்பவர், கூட்டத்தில் பேசும் உரிமை உள்ளவர். நாட்டாமை கண்ணையன் கோயில் வாசலில் பஞ்சாயத்தாரைக் கூட்டினார். ஆனந்தராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விஷயத்தைச் சொன்னார்.

கண்ணையன் சிரிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் சிரிக்கக் கூடாது. "அதுக்குக் கல்யாணம் ஆயிருக்கா?" என்று முறைப்படி கேட்டார்.

"தெரியலீங்க. ஒண்டியாத்தான் இருந்துச்சு."

"அப்ப தலைக்கட்டு இல்ல. எழுதிக்கப்பா."

கால் மணி நேரத்தில் கடிதம் தயார். 'மேற்படி புழு எங்கள் ஊர்த் தலைக்கட்டு அல்ல. ஆனந்தராஜ் எங்கள் தலைக்கட்டு. அவரும் அவர் குடும்பமும் பரம்பரையாக இங்கேயே குடியிருக்கிறார்கள்.' ஆனந்தராஜ் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். சுவாமிநாதன் படித்தார். முதல் வரியை ஏற்றுக்கொண்டார். மற்ற இரண்டு வரிகளையும் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'கேட்கப்படாத தகவல்' என்று எழுதினார்.

அன்றைக்கு மத்தியானம் ஆனந்தராஜ் வீட்டுக்குப் போகாமல், கரையில் இழுத்துவைத்திருந்த படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஷர்மிளா தேடிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ காற்றிலும் மழையிலும் கலங்காத மனிதர் ஒரு கல்லுக்காக அழுதார்.

"நீ படிச்சதெல்லாம் என் வாயால கெட்டுப்போச்சும்மா."

"நீ சொன்னதுல என்னப்பா தப்பு? பாத்ததைச் சொன்ன" என்றாள் ஷர்மிளா. "ஆனா அது புழுதானான்னு தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தாங்களா? ஒருத்தரும் பாக்கலையே. எங்க டீச்சர்கிட்ட போட்டோ அனுப்பியிருக்கேன். அவங்க தோழி ஒருத்தவங்க தஞ்சாவூர்ல இதைத்தான் படிக்கிறாங்களாம்."

அந்தத் தோழி பிரதீபா, சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துசேர்ந்தாள். கல்லுக்குள் கிடக்கும் பழைய உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். தோளில் ஒரு பை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் சின்னப் பூதக்கண்ணாடி. சுவாமிநாதனும் சிவராமனும் முன்னால் நிற்க, கல்லின் இரண்டு பாதியையும் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தாள். கூர்மையான ஊசியால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினாள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"இது புழு இல்லைங்க" என்றாள்.

சுவாமிநாதன் முகம் செத்துவிட்டது. "பின்ன?"

"புழு போன வழி. கடலடிச் சேத்துல அது தோண்டின வளை. புழு போனப்புறம் வளைக்குள்ள வேற மண்ணு ரொம்பியிருக்கு. அதைச் சுத்திச் சுண்ணாம்பு ஊறி ஊறி, உருண்டையா இறுகிக் கல்லாயிடுச்சு. பாருங்க, வளையம் வளையமா ஒடம்புக் கோடு ஒண்ணுமில்ல. தலைன்னும் இல்ல, வால்னும் இல்ல. ஒரே தடிமன். உள்ள இருக்கற மண்ணு வேற, வெளிய இருக்கற மண்ணு வேற. எல்லாத்துக்கும் மேல, இங்க பாருங்க, ரெண்டாப் பிரியுது. எந்தப் புழுவும் நடுவுல ரெண்டாப் பிரியாது. வழிதான் பிரியும்."

ஆனந்தராஜ் குனிந்து பார்த்தார். ஆமாம், பிரிந்தது. சேற்று நண்டு வளையை வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"எத்தனை வருஷம் இருக்கும்?" என்று ஈனக்குரலில் கேட்டார் சுவாமிநாதன்.

"அரியலூர்ப் பக்கத்துக் கல்லு. ஏழு கோடி வருஷத்துக்குக் குறையாது."

"அரியலூரா? அது தமிழ்நாடாச்சே" என்று பதறினார் சிவராமன்.

சுவாமிநாதன் கையமர்த்தினார். "ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி எல்லை கிடையாது. அதனால எல்லாம் நம்ம யூனியன் பிரதேசம்தான்."

பிரதீபா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள். ஆனந்தராஜுக்கு உயிர் வந்தது. "சார், புழுவே இல்லேன்னு ஆயிப்போச்சு. எங்களைத் திரும்ப எழுதிக்குங்க."

"எப்படி எழுதறது?" என்றார் சுவாமிநாதன். அவருக்கு உண்மையாகவே வருத்தம்தான். "படிவத்துல 'பொருந்தாததை அடிக்கவும்'னு இருக்கு. அடிச்சதைத் திரும்ப எழுதவும்னு எங்கயும் இல்லை. சட்டத்துல ஒரு மனுஷனை அடிக்க ஒரு நிமிஷம் போதும். எடுத்து எழுதறதுக்கு ஏற்பாடே பண்ணலை. நான் என்ன செய்யட்டும்? என் கவலையைப் பாருங்க. பதினோரு வருஷத்துல ஒரே ஒரு புழு வந்துது. அதுவும் வீட்டைப் போட்டுட்டு ஓடிப்போச்சு."

கலந்தாய்வுக்கு இரண்டே நாள் பாக்கி. வழி கண்டுபிடித்தவர் சிவராமன். படிவத்தை அடித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கோப்புகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், திடீரென்று எழுந்து சுவாமிநாதனின் அறைக்கு ஓடினார்.

"சார், புழு கோப்புல குடியிருப்பு இருக்கு. குடியிருந்தவர் இல்லை. அதனால அது முடியலை. இந்தப் பொண்ணு கோப்புல குடியிருந்தவர் இருக்காங்க. குடியிருப்பு இல்லை. அதனால இதுவும் முடியலை. ரெண்டையும் ஒரே நாடாவுல கட்டிட்டா?"

சுவாமிநாதன் மெல்ல எழுந்து நின்றார். அரசு ஊழியத்தில் ஓர் ஆளுக்கு ஒருமுறைதான் இப்படிப்பட்ட வெளிச்சம் கிடைக்கும். "கட்டுங்க" என்றார் தழுதழுத்து. அன்று மாலையே சான்றிதழ் தயாரானது. மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்து.

'கிளிஞ்சல்மேடு, கதவு எண் 43, கல் உருண்டையின் உட்புறம், ஒன்பது சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் உள்ள வளையில், செல்வி ஆ. ஷர்மிளா கடந்த ஏழு கோடி ஆண்டுகளாகத் தொடர்ந்து குடியிருந்து வருகிறார் என இதனால் சான்றளிக்கப்படுகிறது. மேற்படி முகவரியில் வேறு மனிதர் எவரும் இல்லை.'

ஷர்மிளா சத்தமாகப் படித்துக் காட்டினாள். பூங்கொடி, "வளை சின்னதா இருக்கு. பரவால்ல, நீ ஒல்லிதானே" என்றாள். திருத்தித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்றார் ஆனந்தராஜ். தாயும் மகளும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

கலந்தாய்வு அரங்கில் கூட்டம் நெரிந்தது. ஆனந்தராஜ் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள் என்று இரண்டு நாளாகப் பழகிய கையெழுத்தோடு, மகளுக்குப் பின்னால் நின்றார். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் இருந்தவர் நௌஷின் மேடம். முத்திரைகளை எண்ணினார். பிறகு வருடம் எழுதியிருக்கும் இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார். விரல் நின்றது.

"ஏழு கோடியா?"

"ஆமாங்க மேடம்" என்றாள் ஷர்மிளா.

"அஞ்சுக்கு மேலதான். சரி. நடுவுல வெளியூர் போய் இருந்தீங்களா? தொடர்ச்சியா இருக்கணும்."

"எங்கயும் போகலீங்க மேடம்."

மேடம் முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றினார். அப்போதுதான் அவர் கண் கடைசி வரியில் விழுந்தது. நிமிர்ந்து, ஷர்மிளாவுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்தார்.

"கூட வந்திருக்கறது யாரு?"

"எங்க அப்பாங்க."

"இந்த முகவரியில வேற மனுஷர் யாரும் இல்லன்னு உங்க ஊர் ஆபீசே எழுதியிருக்கு. இவர் இருக்கார்னு நான் எடுத்துக்கிட்டா, சான்றிதழ் தப்புன்னு ஆயிடும். தப்பான சான்றிதழுக்கு நான் சீட் தர முடியாது." மேடம் கட்டையை அந்தரத்திலேயே பிடித்திருந்தார். "நீங்களே சொல்லுங்க. இவர் இருக்காரா, இல்லையா?"

ஷர்மிளா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனந்தராஜ் மகளின் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, மேசையருகே வந்து, கைகூப்பினார்.

"நான் இல்லீங்க மேடம்" என்றார். "நீங்க குத்துங்க."